லியா விட்ஸோவின் தாள்கள்: கணவர் பெயரிலும் அம்மா பெயரிலும் சிதறிக் கிடக்கும் ஒரு மனையியல் ஆசிரியை

பதிவு 1 | ஏட்டுக்கட்டு

ஒரு மாதமாக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆவணக் காப்பகப் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நான் தேடுவது லியா டன்ஃபர்ட் விட்ஸோ என்ற பெண்மணியை. 1874-ல் சால்ட் லேக் சிட்டியில் பிறந்தவர், 1965-ல் மறைந்தவர், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையைச் சேர்ந்தவர். 1897-ல் ப்ரோவோ ஊரில் இருந்த பிரிகாம் யங் அகாடமியில் மனையியல் துறையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 23. அந்த அகாடமிதான் இன்றைய பிரிகாம் யங் பல்கலைக்கழகம்.

இவ்வளவு செய்தவரின் தாள்கள் ஓரிடத்தில் இல்லை. யூட்டா மாநில வரலாற்றுச் சங்கத்தில் 'விட்ஸோ குடும்பத் தாள்கள்' என்ற தொகுப்பில் இருக்கிறார். கணவர் ஜான் விட்ஸோவின் கோப்புகளில் இருக்கிறார். அம்மா சூசா யங் கேட்ஸ் சேர்த்துவைத்த பெரிய கடிதக் குவியலில் மகளாக இருக்கிறார். துறையைத் தொடங்கிய ஆசிரியையாக அவரைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று பேரின் பெட்டிகளையும் திறக்க வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றிப் பேச யாராவது இருக்கிறீர்களா?

பதிவு 2 | உப்புக்கல்

இருக்கிறேன். ஆனால் முதலில் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனையியல் என்றால் சமைக்கவும் தைக்கவும் சொல்லித் தருவதுதானே? அதற்கு ஒரு முன்னோடி, அவருக்கு ஓர் ஆவணக் காப்பகம் என்று எதற்கு? இன்னொன்று, மார்மன் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பலதார மணம் மட்டும்தான். பிரிகாம் யங் என்பவருக்கு ஐம்பதுக்கு மேல் மனைவிகள் என்று படித்திருக்கிறேன்.

பதிவு 3 | ஏட்டுக்கட்டு

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் லியாவின் கதையே அங்கிருந்துதான் வருகிறது.

மார்மன் சபையின் இரண்டாவது தலைவரான பிரிகாம் யங்கின் பேத்தி லியா. சால்ட் லேக் சிட்டியில் 'சிங்க வீடு' என்று ஒரு கட்டடம் இருக்கிறது. பிரிகாமின் மனைவியர் பலரும் அவர்கள் பிள்ளைகளும் அதில் ஒன்றாக வாழ்ந்தார்கள். கீழ்த்தளத்தில் பொதுச் சாப்பாட்டுக் கூடம். அந்த வீட்டில் 1856-ல் பிறந்த முதல் குழந்தைதான் சூசா, லியாவின் அம்மா. ஒரே கூரையின் கீழ் அத்தனை பேருக்குச் சோறு போட வேண்டுமென்றால் யார் சமைப்பது, யார் துவைப்பது, எத்தனை மணிக்கு மணி அடிப்பது என்று கணக்கு இல்லாமல் முடியாது. வீட்டு வேலையைத் திட்டமிடலாம், பிரித்துக்கொள்ளலாம் என்பதைப் பார்த்து வளர்ந்தவர் சூசா. மகளின் படிப்புக்குப் பின்னால் அந்த அனுபவம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

லியாவின் குழந்தைப் பருவம் எளிதானதல்ல. அப்பா அல்மா டன்ஃபர்ட் பல் மருத்துவர். லியாவுக்கு மூன்று வயது இருக்கும்போது பெற்றோர் மணமுறிவு பெற்றார்கள். குழந்தை அப்பாவிடம் போனது. சூசா 1880-ல் ஜேக்கப் கேட்ஸை மறுமணம் செய்தார். இரண்டு மணங்களிலும் சேர்த்து அவருக்குப் பதின்மூன்று பிள்ளைகள். பின்னாளில் அம்மாவும் மகளும் நெருங்கினார்கள், அந்த நெருக்கம் பெரும்பாலும் தபாலில்தான் வளர்ந்தது. அதனால்தான் இவ்வளவு கடிதங்கள். சேர்ந்தே வாழ்ந்திருந்தால் நமக்கு ஒரு காகிதமும் மிஞ்சியிருக்காது.

1893 கோடையில் ஹார்வர்டின் கோடைக்காலப் பள்ளிக்குப் போனார் லியா. அங்கே வேதியியல் படித்துக்கொண்டிருந்த ஜான் விட்ஸோவைச் சந்தித்தார். நார்வேயின் ஃப்ரோயா தீவில் பிறந்து, அப்பாவை இழந்து, தாயோடு யூட்டாவுக்கு வந்து சேர்ந்த இளைஞர் அவர். மணமுடித்தது 1898 ஜூனில். நடுவில் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் லியா புரூக்ளினில் உள்ள பிராட் கல்வி நிறுவனத்தில் மனையியல் பயின்றார், திரும்பி வந்து ப்ரோவோவில் துறையைத் தொடங்கினார். படிப்பை முடித்து, வேலையையும் பார்த்த பிறகுதான் திருமணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பெண் இப்படி வரிசை போட்டது சாதாரணமல்ல.

பதிவு 4 | பழைய_மாணவன்

யூட்டாவின் முதல் மனையியல் பேராசிரியை என்று அவரைச் சொல்லலாமா? எங்கோ அப்படிப் படித்த நினைவு.

பதிவு 5 | ஏட்டுக்கட்டு

சொல்லக்கூடாது. லோகன் ஊரில் இருந்த யூட்டா வேளாண் கல்லூரியில் 1890-லேயே அபி மார்லட் என்பவர் வந்து மனையியல் பாடத்தைத் தொடங்கிவிட்டார். கான்சாஸிலிருந்து வந்தவர், 1894 வரை அங்கே இருந்தார், பிறகு விஸ்கான்சினில் பெயர் பெற்றார். லியா முன்னோடி என்றால் மார்மன் சபையின் சொந்தக் கல்வி நிலையத்துக்கு அதைக் கொண்டுபோனவர் என்ற பொருளில்தான். பெருமைக்காக 'முதல்' என்ற சொல்லைச் சேர்த்தால் மார்லட்டின் உழைப்பைத் திருடியதாகிவிடும்.

பதிவு 6 | வரப்பு

விவசாயப் பக்கமிருந்து வருகிறேன். ஜான் விட்ஸோ பெயரை மானாவாரி விவசாயம் படித்த எவரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மழை குறைந்த நிலத்தில் ஈரத்தை மண்ணிலேயே பிடித்துவைத்துக் கோதுமை எடுப்பது பற்றி 1911-ல் அவர் எழுதிய நூல் ரொம்ப காலம் பேசப்பட்டது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 1887-ல் வந்த ஹேட்ச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்து வேளாண் பரிசோதனை நிலையத்துக்கும் வருடம் 15,000 டாலர் கொடுத்தது. அந்தப் பணத்தில் எந்த மாட்டுக்கு எந்தத் தீனி, எந்த மண்ணுக்கு எந்த விதை என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். அதே பண்ணையில் அடுப்படியில் நிற்கிற பெண்ணின் வேலைக்கு ஆராய்ச்சிப் பணம் வந்தது எப்போது தெரியுமா? 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் விவசாயத்தோடு மனையியலையும் கிராமங்களுக்குக் கொண்டுபோகப் பணம் தந்தது, ஆனால் அது பரப்புவதற்கான பணம். பரிசோதனை நிலையங்கள் மனையியலில் ஆராய்ச்சியே செய்யலாம் என்று சட்டத்தில் இடம் பிடித்தது 1925-ன் பர்னெல் சட்டத்தில்தான். முப்பத்தெட்டு வருட இடைவெளி!

உப்புக்கல், உங்கள் முதல் கேள்விக்கு இது பதிலாகுமா?

பதிவு 7 | உப்புக்கல்

ஆகும். மாட்டுத் தீனிக்குத்தான் முதலில் பணம் கிடைத்தது என்பதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பதிவு 8 | ஏட்டுக்கட்டு

வரப்பு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஜான் 1900-லிருந்து 1905 வரை லோகனில் இருந்த யூட்டா பரிசோதனை நிலையத்தின் இயக்குநர். கல்லூரியில் எழுந்த பூசலில் அவர் வெளியேற வேண்டி வந்தது. ப்ரோவோவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு 1907-ல் அதே லோகன் கல்லூரிக்குத் தலைவராகத் திரும்பினார். 1912-ல் அந்த நிலையம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது: 'பண்ணை வீட்டுக்கான உழைப்பு மிச்சப்படுத்தும் கருவிகள்'. எழுதியவர் லியா விட்ஸோ. களத்துக்குக் கதிரடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது, அடுக்களைக்கு என்ன வந்தது என்பதுதான் அதன் அடிப்படை. விவசாய நிலையத்தின் அதிகாரபூர்வ வெளியீட்டில் அடுப்படிக்கு ஓர் இடம்!

லோகனில் விவசாயிகள் மாநாடு நடக்கும்போது கூடவே இல்லத்தரசிகள் மாநாடும் நடத்தினார்கள். கணவன் விதை பற்றிக் கேட்கப் போகிற அதே வண்டியில் மனைவியும் போய் இறங்கலாம்.

பதிவு 9 | கோமதி_அக்கா

எல்லாரும் ஒரே குரலில் பாராட்டுகிறீர்கள், நான் வேறு மாதிரி சொல்கிறேன்.

இந்த 'விஞ்ஞான முறை இல்லம்' என்பது பெண்ணை அடுப்படியிலேயே இன்னும் இறுக்கிக் கட்டியது. முன்பு அம்மா எப்படிச் செய்தாளோ அப்படிச் செய்தால் போதும். அப்புறம் அளவு, வெப்பநிலை, கிருமி, சத்து என்று பத்துப் புதுக் கவலைகள். தவறினால் குற்றம் அவள் தலையில். லியாவோ தாய்மைதான் பெண்ணின் உயர்ந்த பணி என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். ஆண்களுக்கு ஆசாரியத்துவம் (சடங்கு நடத்தவும் சபையை நடத்தவும் உள்ள அதிகாரம்), பெண்களுக்குத் தாய்மை, இரண்டும் சமம் என்று வாதாடியவர். அதிகாரம் ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம் இருக்கும்போது அது எப்படிச் சமமாகும்?

நான் இதைப் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. இருபது வருடம் ஒரு வீட்டை நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பதிவு 10 | ஏட்டுக்கட்டு

அக்கா, ஆசாரியத்துவ விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அந்த வாதம் எனக்கும் உவப்பானதல்ல. பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு பெண்களைச் சபை நிர்வாகத்திலிருந்து விலக்கிவைப்பதை நியாயப்படுத்தியவர்கள் உண்டு.

ஆனால் யூட்டாவின் பின்புலத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே பெண்களுக்கு 1870-லேயே வாக்குரிமை வந்தது. 1887-ல், பலதார மணத்தை ஒடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் அதைப் பறித்தது. 1896-ல் மாநிலமானபோது திரும்பி வந்தது. லியாவின் பதின்ம வயதில் அம்மாவின் தலைமுறையிடமிருந்து வாக்கு பறிபோகிறது, 21 வயதில் திரும்ப வருகிறது. அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு வீடும் பொதுவெளியும் எதிரெதிர் முனைகள் அல்ல. சூசாவே 1889-ல் இளம்பெண்களுக்கான இதழைத் தொடங்கியவர், பிறகு சபையின் பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தின் இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே மேடையேறியவர்கள் இவர்கள்.

பதிவு 11 | வரப்பு

கோமதி அக்கா சொல்வதில் ஒரு பாதி சரி. அந்தக் காலத்து அடுப்படியை மனத்தில் கொண்டுவந்தால் மறுபாதி தெரியும். குழாய் கிடையாது. கிணற்றிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ வாளியில் தண்ணீர் வரும். துவைக்கிற நாளில் அதைக் கொதிக்கவைக்க வேண்டும், அதற்கு விறகு பிளக்க வேண்டும், கடைசியில் அழுக்குத் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். ஒரே தண்ணீரை இரண்டு முறை சுமப்பது. அடுக்களைக்குள் ஒரு பம்பும் வெளியே போக ஒரு வடிகால் குழாயும் வைத்தால் அந்த இரண்டு சுமையும் போகும். இதைக் கேட்டு எழுதுவதை அடுப்படியில் கட்டிப்போடுவது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பதிவு 12 | கோமதி_அக்கா

சரி. தண்ணீர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். குடம் சுமந்தவள்தான் நானும். வீட்டுக்குள் குழாய் வந்த அன்று என் அம்மா அதை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தாய்மை பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

பதிவு 13 | மாவுமில்

இரண்டு நாள் தாமதமாக வருகிறேன். எங்கள் குடும்பத்துக்கு மாவு அரைப்பது தொழில். அதனால் லியாவும் ஜானும் சேர்ந்து மார்மன் உணவு நெறி பற்றி எழுதிய 1937 நூலைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் பின்னணி. 1833-ல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 'ஞான வார்த்தை' என்ற ஒரு வெளிப்பாட்டைச் சொன்னார். மார்மன்கள் மது, புகையிலை, தேநீர், காபி தொடாததற்கு அதுதான் காரணம். வெளியில் எல்லாருக்கும் தெரிந்தது இந்த 'கூடாது' பட்டியல்தான். சபைக்குள்ளும் அப்படித்தான். ஆனால் மூலத்தை எடுத்துப் படித்தால் பாதிக்கு மேல் 'உண்ணுங்கள்' என்ற பேச்சு. மூலிகைகள், பருவத்துக்கேற்ற பழங்கள், தானியங்கள், அதிலும் மனிதனுக்குக் கோதுமை. இறைச்சியைச் சிக்கனமாக, குளிரிலும் பஞ்சத்திலும் மட்டும்.

லியாவும் ஜானும் அந்த மறந்துபோன பாதியை எடுத்தார்கள். முழு தானியம், காய், கனி, குறைந்த இறைச்சி. ஜான் ஜெர்மனியின் கோட்டிங்கனில் முனைவர் பட்டம் வாங்கிய வேதியியலாளர், லியா உணவு பற்றிச் சொல்லிக்கொடுத்தவர். இருவர் பெயரும் அட்டையில் இருக்கிறது. அடுக்களை அறிவு லியாவுடையது என்று ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும் என்பேன்.

கோதுமையில் என்ன நடந்தது என்றால், பழைய கல் திரிகையில் தவிடு, முளை, வெண்பகுதி மூன்றும் சேர்ந்து அரைபடும். முளையில் எண்ணெய் உண்டு. மாவைச் சில வாரம் வைத்தால் அந்த எண்ணெய் காறிப்போகும், மூக்கைக் கிட்டே கொண்டுபோனாலே தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்பு உருளை ஆலைகள் வந்தன. முளை தட்டையாகிப் பிரிந்துவிடும், சலித்து எடுத்துவிடலாம். மாவு வெள்ளையாகவும் இருக்கும், மாதக்கணக்கில் கெடாமலும் இருக்கும். வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பி1 உயிர்ச்சத்தில் பெரும்பங்கு தவிட்டோடும் முளையோடும் போய்விடும். அந்தச் சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்ததே 1926-ல்தான். வெள்ளை மாவில் சத்தைத் திரும்பச் சேர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் 1940-களில் பரவியது. விட்ஸோ நூல் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது.

பதிவு 14 | உப்புக்கல்

வேதத்தை எடுத்து விஞ்ஞானத்தால் நிரூபிக்கிற வேலை எனக்கு எப்போதுமே உறுத்தும். விஞ்ஞானம் நாளைக்கு மாறினால் என்ன செய்வார்கள்?

பதிவு 15 | மாவுமில்

உறுத்தல் நியாயமானது. அந்த நூலில் அன்றைய ஊட்டச்சத்து ஆராய்ச்சியைக் கொஞ்சம் ஆவலோடு அப்படியே ஏற்றுக்கொண்டதும் உண்டு. ஆனால் முழுக் கோதுமை விஷயத்தில் அவர்கள் சொன்னது நிற்கிறது. ஒன்று தப்பானால் எல்லாம் தப்பு என்று தள்ள மனம் வரவில்லை.

1921-ல் ஹீபர் கிரான்ட் தலைமையில் சபை இந்தக் கட்டுப்பாட்டைக் கோயில் நுழைவுக்கே நிபந்தனையாக்கியது. ஜான் அப்போஸ்தலர், அதாவது சபையின் உயர் தலைமைக் குழுவில் ஒருவர், ஆனதும் அதே 1921-ல்தான். அதாவது 'குடிக்கிறாயா, புகைக்கிறாயா' என்ற கேள்வி இறுகிக்கொண்டிருந்த காலத்தில் லியா கேட்டது வேறு: உன் தட்டில் என்ன இருக்கிறது?

பதிவு 16 | பழைய_மாணவன்

நல்ல கேள்வி அது. காபி குடிக்காமல் வெள்ளை ரொட்டியும் சர்க்கரையும் தின்று ஞான வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒருவர் நினைக்க முடியும் அல்லவா.

பதிவு 17 | ஏட்டுக்கட்டு

இப்போது தாள்களுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இழையே தொடங்கினேன்.

இப்படிப்பட்ட தொகுப்புகளில் ஒரு பெண்ணைத் தேடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது. முதலில் அவர் பெயர் ஒன்றல்ல. 1898-க்கு முன் லியா டன்ஃபர்ட். பின் லியா விட்ஸோ. பல இடங்களில் கணவரின் பெயருக்கு முன்னால் திருமதி என்று மட்டும், அதில் 'லியா' என்ற எழுத்தே கிடையாது. நூலகப் பட்டியலில் லியா என்று மட்டும் தேடினால் அந்தக் காகிதங்கள் வரவே வராது. தமிழ் விவிலியத்தில் லேயாள் என்று வருகிற பெயர்தான் இது. யாக்கோபின் வீட்டில் இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்டவள். பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது, கடிதம் எழுதியவரின் கட்டில் இருக்காது, வாங்கியவரின் கட்டில்தான் இருக்கும். லியா என்ன நினைத்தார் என்று தெரிய அம்மாவின் பெட்டிக்குப் போக வேண்டும். அம்மா என்ன சொன்னார் என்று தெரிய லியாவின் வீட்டுப் பெட்டிக்கு வர வேண்டும். உரையாடலின் ஒரு பாதி ஒரு கட்டடத்தில், மறுபாதி இன்னொன்றில்.

மூன்றாவது, கூட்டாக எழுதியவை. 1930-ல் வந்த பிரிகாம் யங்கின் வாழ்க்கை வரலாறு சூசாவும் லியாவும் சேர்ந்து எழுதியது. 1937 நூல் ஜானோடு. இரண்டிலுமே புகழ் மற்றவர் பக்கம் போகும். 1943-ல் உடல்நலம், உணவு பற்றி லியா தனியாக ஒரு நூல் எழுதினார். அதற்குள் வயது 69.

பதிவு 18 | கோமதி_அக்கா

பிள்ளைகள் எத்தனை பேர்? அதை யாரும் சொல்லவில்லையே.

பதிவு 19 | ஏட்டுக்கட்டு

ஏழு. நான்கு பேர் குழந்தைகளாகவே இறந்தார்கள். வளர்ந்தது மூன்று பேர். அதில் ஒரே மகன் கார்லும் 1927-ல் நிமோனியாவில் போய்விட்டார், இருபதுகளில். அந்த வருடமே ஜானை ஐரோப்பிய மிஷனுக்குத் தலைவராக அனுப்பினார்கள். லியாவும் கூடவே போனார். 1933 வரை அங்கே இருந்து ஐரோப்பா முழுவதும் இருந்த சபைப் பெண்களின் அமைப்புகளை வழிநடத்தினார்.

இதை முதல் பதிவிலேயே எழுதத் தயங்கினேன். குழந்தைகளை இழந்ததால் உணவியலுக்கு வந்தார் என்று யாராவது கதை கட்டிவிடுவார்கள். அவர் அதற்கு வந்தது கல்யாணத்துக்கு முன்பே. ஆனால் ஒவ்வொரு இழப்புக்குப் பிறகும் அதே பாடத்தை, குழந்தைக்கு என்ன கொடுப்பது, வீட்டை எப்படிச் சுத்தமாக வைப்பது என்பதை, மற்ற தாய்மாருக்கு நின்று சொல்லியிருக்கிறார். எப்படி முடிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

பதிவு 20 | கோமதி_அக்கா

தாய்மை பற்றி அவர் சொன்னதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் அவர் அதை எங்கிருந்து சொன்னார் என்று இப்போது தெரிகிறது. 9-ஆம் பதிவில் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன்.

பதிவு 21 | பழைய_மாணவன்

அடுப்பில்லா அடுப்பு என்று ஒன்று அந்தக் காலத்து மனையியல் ஆசிரியைகள் பலரும் பரிந்துரைத்தது என்று படித்தேன். வைக்கோல் திணித்த பெட்டி. யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பதிவு 22 | வரப்பு

பார்த்ததில்லை, ஆனால் நேற்று செய்தே பார்த்துவிட்டேன். பழைய மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல், சுற்றிலும் இறுக்கி அடைத்து, நடுவில் பாத்திரம் உட்காரக் குழி. துவரம்பருப்பை ஊறவைத்து, அடுப்பில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே குழிக்குள் இறக்கினேன். மேலே வைக்கோல் அடைத்த தலையணை, அதற்கு மேல் பெட்டியின் மூடி. காலை எட்டரைக்கு வைத்தது. வயலுக்குப் போய்விட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு வந்து திறந்தேன். கை வைக்க முடியாத சூடு. பருப்பு விரலில் நசுங்கியது. அடி பிடிக்கவில்லை, பொங்கி வழியவும் இல்லை. மூன்றே கால் மணி நேரம் யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. என் மனைவி பார்த்துவிட்டு, நாளைக்கு இதில் கொண்டைக்கடலை வைக்கலாமா என்று கேட்டாள். இருபது நிமிடமாவது கொதிக்கவிட்டு வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.